பழைய பாணி எழுத்து: இயந்திரத்தின் தடயங்களை மென்பொருளில் வரைவது

ஒரு சுவரொட்டியின் தலைப்பைப் பார்த்த கணத்திலேயே, அதில் ஆண்டு எதுவும் குறிக்கப்படாதபோதும், அது ஐம்பதுகளைச் சேர்ந்ததா எண்பதுகளைச் சேர்ந்ததா என்று நம்மால் ஓரளவு சொல்லிவிட முடிகிறது. எழுத்துருவின் வடிவம் அதற்கு ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், அந்த எழுத்தைத் தாளிலோ திரையிலோ பதித்த இயந்திரம் விட்டுச்சென்ற தடயங்கள்: மை கசிந்து உருண்டுபோன மூலைகள், கறுப்பு வெளிக்கோட்டுக்கும் உள்ளே நிரப்பிய சிவப்புக்கும் இடையில் தெரியும் மயிரிழை வெள்ளை, கண்ணாடிக் குழலைச் சுற்றிப் படரும் ஒளி, தொலைக்காட்சித் திரையின் கிடைக்கோடுகள். அன்றைய அச்சகத்தாரும் பொறியாளர்களும் இவற்றை ஒழிக்கவே பாடுபட்டார்கள். இன்று நாம் அவற்றை மெனக்கெட்டு மீண்டும் வரைகிறோம்.

படத் தொகுப்பு மென்பொருளில் 'ரெட்ரோ' எழுத்தை உருவாக்க முனையும் புதியவர் பெரும்பாலும், படத்தின் தோற்றத்தை ஒரே சொடுக்கில் மாற்றும் ஃபில்டர்களின் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பதில்தான் தொடங்குகிறார். அப்படிச் செய்யும்போது அச்சின் புள்ளிகளும் நியானின் ஒளியும் திரையின் கோடுகளும் ஒரே சொல்லின்மேல் வந்து குவிந்து, எந்தக் காலத்தையும் சேராத ஒரு படம் மிஞ்சுகிறது. எந்த இயந்திரத்தைப் போலச் செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், எந்த ஃபில்டர், எந்த வரிசையில், எவ்வளவு என்ற கேள்விகளுக்கு அந்த இயந்திரமே விடை சொல்லிவிடும். கீழே வரும் விளக்கங்கள் எல்லாம் அந்த வழியில்தான் செல்கின்றன. போட்டோஷாப்பில் உள்ள பெயர்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும், உலாவியிலேயே இயங்கும் போட்டோபியாவிலும் இவற்றில் பெரும்பாலானவை சிறு வேறுபாடுகளுடன் உள்ளன.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்றது. ஒவ்வொரு தாளிலும் உள்ளதை மற்றவற்றைத் தொடாமல் நகர்த்தலாம், மாற்றலாம். 1990இல் வெளிவந்த போட்டோஷாப்பின் முதல் பதிப்பில் இந்த வசதி இல்லை, 1994இல் 3.0 பதிப்பில்தான் வந்தது. தட்டச்சிட்ட சொல்லைப் பிறகு திருத்த இடம்தரும் எழுத்து லேயரும், நிழல், ஒளிவட்டம் போன்றவற்றை லேயரோடு ஒட்டிவைக்கும் வசதியும் 1998இன் 5.0 பதிப்பில் சேர்ந்தன. அதற்கு முன் எழுத்து, படத்தில் இட்ட உடனே பிக்சல்களாக உறைந்துவிடும். இன்றும் எழுத்து லேயரை ராஸ்டரைஸ் செய்தால் நேர்வது அதுவே. நான் ஒரு தலைப்புக்கு மாலை முழுவதும் மைக்கறை பூசி முடித்த பிறகு, அதில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைக் கண்டு, முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். எழுத்து லேயரை, மூலத்தை மாறாமல் உள்ளே வைத்துக்கொள்ளும் உறையான ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றிவிட்டு அதன்மேல் ஃபில்டர்களைப் போட்டால், உள்ளே இருக்கும் சொல்லை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். 2025இல் வெளிவந்த கிம்ப் 3.0 பதிப்பிலும் ஃபில்டர்களை இப்படிக் கழற்றி மாட்டக்கூடியவையாக வைத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது கலப்பு முறை. மேல் லேயரின் நிறம் கீழ் லேயரின் நிறத்தோடு எந்தக் கணக்கின்படி சேர வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பல முறைகள் பட்டியலில் இருந்தாலும், தொடங்குபவருக்கு இரண்டு போதும். மல்டிப்ளை என்ற முறை இரண்டு நிறங்களின் எண்களையும் 0 முதல் 1 வரையுள்ள பின்னங்களாக எடுத்துக்கொண்டு பெருக்குகிறது. வெள்ளை 1 என்பதால் கீழே உள்ளதை அப்படியே விட்டுவிடும், மற்ற எந்த நிறமும் கீழே உள்ளதை இருட்டாக்கும். தாளின்மேல் மை செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஸ்கிரீன் என்ற முறை இதன் தலைகீழ். கறுப்பு எதையும் மாற்றாது, மற்ற நிறங்கள் கீழே உள்ளதை வெளிச்சமாக்கும், இருட்டறையில் விளக்குப் போட்டதைப் போல. ஆகவே மை சார்ந்த விளைவு என்றால் மல்டிப்ளை, ஒளி சார்ந்த விளைவு என்றால் ஸ்கிரீன் என்று கொண்டால் பெரும்பாலான இடங்களில் தவறாது.

மாஸ்க் என்பது லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளையான இடம் தெரியும், கறுப்பான இடம் மறையும், சாம்பல் பாதி தெரியும். அழிப்பானால் அழித்ததை மீட்பது கடினம். மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளை பூசி உடனே மீட்டுவிடலாம்.

மையும் தாளும்

பழைய பாணி விளைவுகளில் மிகவும் வளமானதும், செய்து பழகுவதற்கு நல்லதும் அச்சுதான். அகலம் 3000, உயரம் 2000 பிக்சல் கொண்ட ஒரு வெற்றுப் படத்தை, அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அடர்த்தியில் உருவாக்கிக்கொள்ளலாம். அச்சிட்டால் 10 அங்குல அகலம் வரும். இந்த அடர்த்தியை முதலிலேயே முடிவு செய்வது முக்கியம், ஏனெனில் இனி வரும் அளவுகள் எல்லாம் உண்மையான தாளில் எத்தனை மில்லிமீட்டர் என்பதிலிருந்து கிடைப்பவை.

முதலில் மை கசிவு. மரத்தாலோ உலோகத்தாலோ ஆன எழுத்தில் மை தடவித் தாளில் அழுத்தும்போது, மை விளிம்பைத் தாண்டிச் சிறிது பரவும். கூர்மையான வெளிமூலைகள் உருண்டுவிடும், இரு கோடுகள் சந்திக்கும் உள்மூலைகள் மையால் அடைபடும். இதை ஓவியம்போல் கையால் வரைய வேண்டியதில்லை. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்து, கௌசியன் பிளர் ஃபில்டரை 4 பிக்சல் அளவில் போட்டு மங்கலாக்கிவிட்டு, பிறகு எவ்வளவு இருட்டைக் கறுப்பாகவும் எவ்வளவு வெளிச்சத்தை வெள்ளையாகவும் கொள்வது என்று தீர்மானிக்கும் லெவல்ஸ் கருவியில் கறுப்பு, வெள்ளை முனைகளை நடுவை நோக்கி நெருக்கினால் விளிம்பு மீண்டும் கூர்மையாகும். மங்கலாக்கும்போது வெளிமூலையின் கறுப்பு சுற்றியுள்ள வெள்ளையில் கரைந்துவிடுவதால் அந்த முனை திரும்பி வராது. உள்மூலையில் இருபுறக் கறுப்பும் கலந்து வெள்ளையை விழுங்கிவிடும். மையின் இயல்பும் அதுவே என்பதால்தான் இந்த எளிய வித்தை இவ்வளவு நம்பும்படி அமைகிறது. நெருக்கும் நடுப்புள்ளியைச் சற்று நகர்த்தினால் எழுத்து தடிக்கும் அல்லது மெலியும். அதிக மை, குறைந்த மை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். மங்கலாக்குவதற்கு முன்னால் சிறிது நாய்ஸ், அதாவது ஒழுங்கற்ற பொடிப்புள்ளிகள், சேர்த்தால் விளிம்பு நெளிவு பெறும்.

மை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் படிவதில்லை. அழுத்தத்தில் நடுப்பகுதி மை ஓரத்துக்குத் தள்ளப்படுவதால் விளிம்பு அடர்த்தியாகவும் நடு சற்று வெளிறியும் இருக்கும். மர எழுத்தாக இருந்தால் மரத்தின் ரேகையும் பதியும். கசங்கிய தாள், கல், மரப்பலகை போன்ற ஏதாவது ஒரு மேற்பரப்பைப் புகைப்படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டி, எழுத்து லேயரின் மாஸ்க்கில் ஒட்டுவது இதற்கு எளிய வழி. இங்கேதான் பலரும் அளவு தப்புகிறார்கள். எழுத்தின் பாதி தேய்ந்து போகும்வரை கறை போட்டால் அது பழைய அச்சாகத் தெரியாது. துருப்பிடித்த தகடாகத் தெரியும். பரப்பில் நூற்றில் ஐந்து பங்கு மறைந்தாலே போதும் என்பது என் கணிப்பு.

நிறத்துக்கு வருவோம். தூய வெள்ளையும் தூய கறுப்பும் திரைக்குரியவை; பழைய தாளுக்கும் மைக்கும் அவை பொருந்தா. தாளுக்கு சிவப்பு 242, பச்சை 230, நீலம் 207 என்ற வெளிர் மஞ்சளையும், கறுப்பு மைக்கு 35, 30, 28 என்ற பழுப்புக் கறுப்பையும் எடுத்துப் பார்க்கலாம். அதைவிட முக்கியம், எத்தனை நிறம் என்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடும் இயந்திரத்தில் தனி ஓட்டமும் தேவைப்பட்டதால், குறைந்த செலவில் அச்சிட்டவர்கள் இரண்டு மைகளை வைத்துக்கொண்டு, அவை ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் மூன்றாவது நிறத்தைப் பெற்றார்கள். செங்கல் சிவப்பாக 214, 64, 44 என்ற நிறத்தையும் நீலப்பச்சையாக 30, 110, 120 என்ற நிறத்தையும் இரு லேயர்களில் வைத்து, மேலுள்ளதை மல்டிப்ளை ஆக்கினால், சேரும் இடத்தில் ஏறக்குறைய 25, 28, 21 என்ற கரும்பச்சை தானாகவே கிடைக்கும். வண்ணத்தட்டிலிருந்து மூன்றாவது நிறத்தைத் தனியாகத் தேர்ந்தெடுப்பதைவிட இது மேலானது, ஏனெனில் படத்தில் உள்ள நிறங்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாகிவிடுகின்றன.

இரண்டு ஓட்டங்களுக்கு இடையில் தாள் சற்று நகர்ந்துவிட்டால் நிறம் கோட்டை விட்டு விலகும். பதிவுப் பிழை எனப்படும் இந்த விலகல்தான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் தடயம். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் அரை மில்லிமீட்டர் என்பது சுமார் 6 பிக்சல். அந்த அளவுக்கு நிற லேயரைப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும். ஒரு பக்கம் வெள்ளைக் கீற்றும் மறுபக்கம் நிறம் கோட்டைத் தாண்டியும் தெரியும். முழுத் தகடும் ஒரே திசையில் நகர வேண்டும் என்பதை மறந்து ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வொரு பக்கம் தள்ளுபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட அச்சு இயந்திரம் எங்கும் இருந்ததில்லை.

புள்ளிகளுக்கும் இதே தர்க்கம்தான். அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகள். ஆகவே ஒழுங்கான இடைவெளியில் பெரிதும் சிறிதுமான புள்ளிகளை இட்டு, கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும்படி விட்டார்கள். இதுதான் ஹாஃப்டோன். எழுத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு கிரேடியண்ட், அதாவது படிப்படியாக மாறும் நிறம், கொடுத்து, படத்தைச் சாம்பலாக்கி, கறுப்பும் வெள்ளையும் மட்டுமே கொண்ட பிட்மேப் முறைக்கு மாற்றும்போது ஹாஃப்டோன் ஸ்கிரீன் என்பதைத் தேர்ந்து, அங்குலத்துக்கு 30 கோடு (புள்ளி வரிசை), 45 பாகை சாய்வு என்று கொடுத்தால் 10 பிக்சலுக்கு ஒரு புள்ளி வரும். நாளிதழ் அச்சில் அங்குலத்துக்கு 85 கோடு என்பது வழக்கமான அளவு. நாம் வேண்டுமென்றே பெரிதாக்குகிறோம். 45 பாகைக்குக் காரணம், கிடையாகவும் செங்குத்தாகவும் ஓடும் வரிசையைக் கண் எளிதில் பிடித்துவிடும், குறுக்காக ஓடுவதை அவ்வளவாகக் கவனிக்காது என்பதே. நான்கு நிற அச்சில் கறுப்புக்கு 45, மெஜந்தாவுக்கு 75, சயானுக்கு 15 பாகை என்று இடைவெளி விட்டு, கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரியும் மஞ்சளுக்கு 0 பாகையை ஒதுக்குவார்கள். கலர் ஹாஃப்டோன் ஃபில்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கோணம் கேட்பது இதனால்தான்.

விளம்பரப் பலகை ஓவியர்கள் எழுத்துக்குப் பின்னால் வரைந்த கனமான, விளிம்பு கூரிய நிழலையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிராப் ஷேடோ தரும் மங்கலான நிழலை அப்படியே விட்டால் படம் தொண்ணூறுகளின் கணினி வேலையாகிவிடும். எழுத்து லேயரைப் பிரதி எடுத்து, வலப்பக்கம் 1 பிக்சல், கீழே 1 பிக்சல் என நகர்த்தி, அதையே நாற்பது முறை திரும்பச் செய்து, எல்லாப் பிரதிகளையும் ஒன்றாக்கி இருண்ட நிறம் கொடுத்தால் எழுத்து கட்டைபோல் கனம் பெறும். கிம்ப்பில் லாங் ஷேடோ என்ற ஃபில்டர் இதை ஒரே சொடுக்கில் செய்துவிடுகிறது.

குழல்விளக்கும் குரோமும்

நியான் வாயு 1898இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1910இல் பாரிஸில் நடந்த வாகனக் கண்காட்சியில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் கிளாட் நியான் குழல்விளக்குகளை மக்களுக்குக் காட்டினார். விளம்பர எழுத்துகளாக அவை பரவியது அதன் பின்னர். தூய நியான் தருவது செம்மஞ்சள் ஒளி. நீலத்துக்கு ஆர்கானோடு பாதரச ஆவி சேர்த்தார்கள். பிற நிறங்களுக்கு நிறக் கண்ணாடியும் ஒளிரும் பூச்சும் உதவின.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. வளைத்த குழல் எங்கும் ஒரே தடிமன் கொண்டது என்பதால், தடித்தும் மெலிந்தும் ஓடும் எழுத்துருவை நியானாக்க முடியாது. ஒரே தடிமனில் ஓடும் கோட்டெழுத்து வேண்டும். குழலின் நடுப்பகுதி கண்ணைக் கூசவைக்கும் அளவுக்குப் பிரகாசமாக இருப்பதால் அது ஏறக்குறைய வெள்ளையாகவே தெரியும். நிறம் அதைச் சுற்றியுள்ள ஒளியில்தான் இருக்கிறது. அந்த ஒளியும் ஒரே அடுக்கில் மறைவதில்லை. ஆகவே வெளிர் நிறக் கோட்டை ஒரு லேயரில் வைத்து, அதன் நிறமேற்றிய பிரதிகளை 5, 20, 60 பிக்சல் என வெவ்வேறு அளவில் மங்கலாக்கி, ஸ்கிரீன் முறையில் அடுக்க வேண்டும். லேயரைச் சுற்றி ஒளிவட்டம் தரும் அவுட்டர் குளோ ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்தும்போது எழுத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல் தோன்றுவது, இந்த அடுக்குகள் இல்லாததால்தான். உண்மையான பலகையில் ஒரே குழல் பல எழுத்துகளாக வளைந்து செல்லும். எழுத்துகளுக்கு இடையிலான பகுதியில் கறுப்புச் சாயம் பூசி ஒளியை மறைப்பார்கள். அந்த இருண்ட இணைப்பையும் வரைந்துவிட்டால் படத்தின் நம்பகம் பல மடங்கு கூடும்.

எண்பதுகளின் குரோம் எழுத்து உலோகத்தின் நிறத்தை நாடவில்லை. பளபளப்பான உலோகத்துக்கென்று நிறம் ஏது? அது வானத்தையும் தரையையும் காட்டும் கண்ணாடி. அதனால்தான் காற்றுத்தூரிகைக் கலைஞர்கள் எழுத்தின் மேற்பாதியில் வெளிர் நீலத்திலிருந்து வெள்ளைவரை வானத்தையும், நடுவில் ஒரு கூரிய கருங்கோடாகத் தொடுவானத்தையும், அதன் கீழே பழுப்பிலிருந்து மஞ்சள்வரை தரையையும் வரைந்தார்கள். கிரேடியண்ட் ஓவர்லேயில் இதைப் பெற, வெள்ளையையும் கரும்பழுப்பையும் ஒரே இடத்தில், 50 விழுக்காட்டில், ஒட்டிவைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டாலும் தொடுவானம் கரைந்து, எழுத்து பிளாஸ்டிக்காகிவிடும்.

திரையின் கோடுகள்

படக்குழாய்த் தொலைக்காட்சி, ஒரு மின்னணுக் கற்றையை வரிவரியாக ஓட்டிப் படத்தை வரைந்தது. அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளின் என்டிஎஸ்சி ஒளிபரப்பு முறையில் 525 வரிகளில் ஏறக்குறைய 480உம், இந்தியா உள்ளிட்ட நாடுகளின் பால் (PAL) முறையில் 625 வரிகளில் 576உம் படத்துக்கு உரியவை. வரிகளுக்கு இடைப்பட்ட இருளைத்தான் நாம் கிடைக்கோடுகளாகப் போடுகிறோம். 2 பிக்சல் கறுப்பு, 2 பிக்சல் வெள்ளை என்ற ஒரு சிறு பட்டையைப் பேட்டர்னாகச் சேமித்து, புதிய லேயரில் நிரப்பி, மல்டிப்ளை முறையில் 40 விழுக்காடு அடர்த்தியில் வைக்கலாம். ஒளி சார்ந்த படத்தில் மல்டிப்ளை எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். இங்கே நாம் சேர்ப்பது ஒளியை அல்ல, ஒளி இல்லாத இடைவெளியை. கோடுகள் எழுத்தின்மேல் மட்டும் இல்லாமல் திரை முழுவதும் ஓட வேண்டும், ஏனெனில் அவை எழுத்துக்கு உரியவை அல்ல, திரைக்கு உரியவை.

1976இல் ஜப்பானில் அறிமுகமான விஎச்எஸ் ஒளிநாடாவின் சாயலுக்கு இன்னொரு காரணம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாடாவில் வெளிச்சத்துக்கான தகவலைவிட நிறத்துக்கான தகவல் மிகக் குறைந்த நுணுக்கத்தில் பதிந்தது. அதனால் வடிவம் ஓரளவு தெளிவாக இருக்கும், நிறம் மட்டும் பக்கவாட்டில் வழிந்து ஓடும். படத்தைப் பிரதி எடுத்து, ஒரே திசையில் மங்கலாக்கும் மோஷன் பிளர் ஃபில்டரில் கோணம் 0, தூரம் 40 பிக்சல் என்று கொடுத்து, சற்று வலப்பக்கம் நகர்த்தி, அந்த லேயரின் கலப்பு முறையைக் கலர் என மாற்றினால், கீழுள்ள வெளிச்சம் அப்படியே இருக்க, நிறம் மட்டும் வழியும். படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பகுதிகளை (சேனல்களை) ஆளுக்கொரு பக்கம் நகர்த்துவதை மட்டுமே ஒளிநாடா விளைவு என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது வண்ணப் படக்குழாயில் மூன்று நிறங்களுக்கான மூன்று கற்றைகளும் ஓரிடத்தில் சேராத பிழையின் சாயல், நாடாவின் சாயல் அல்ல.

பழைய கணினி, விளையாட்டு இயந்திர எழுத்துகள் பெரும்பாலும் 8க்கு 8 பிக்சல் கட்டத்தில் அடங்கியவை. அவற்றுக்குச் செய்ய வேண்டியது குறைவு: விளிம்பை மென்மையாக்கும் ஆன்டி அலையாஸிங் வசதியை நிறுத்திவிட வேண்டும், பெரிதாக்கும்போது இரண்டு, மூன்று, நான்கு என்ற முழுமடங்கில், பிக்சல்களைக் கலக்காமல் அப்படியே பெருக்கும் நியரஸ்ட் நெய்பர் முறையில் பெரிதாக்க வேண்டும்.

எழுத்துரு, குறிப்பாகத் தமிழில்

எழுத்துருவும் அதே காலத்தைச் சேர்ந்ததாக இருப்பது நல்லது. ஆனால் காலம் என்பது பிறந்த ஆண்டு மட்டுமே அல்ல. கூப்பர் பிளாக் என்ற தடித்த ஆங்கில எழுத்துரு 1922இல் வெளியானது. ஆயினும் பலருக்கும் அது எழுபதுகளையே நினைவூட்டுகிறது, அந்தப் பத்தாண்டில் அது அவ்வளவு பயன்பட்டதால்.

தமிழில் வேலை செய்பவர் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். எழுத்துகளுக்கு இடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களில் 'கொ' என்பது மூன்று துண்டாகப் பிரிந்து, கொம்பு முந்தைய எழுத்தோடு சேர்ந்ததுபோல் தெரியும். ஆங்கிலத் தலைப்புகளில் அழகாக இருக்கும் அகன்ற இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மை கசிவு வித்தையில் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. தடித்த எழுத்தில் அது மெய்யோடு ஒட்டிக்கொண்டு 'க்' என்பது 'க' ஆகிவிடும், ஆகவே புள்ளியைச் சற்று உயர்த்திவிட்டு மங்கலாக்குவது பாதுகாப்பு. பலூ தம்பி, காய்னி போன்ற உருண்டு தடித்த எழுத்துருக்கள் அச்சு, கட்டை நிழல் ஆகியவற்றுக்கு ஏற்றவை. நியானுக்கு மெல்லிய கோட்டெழுத்தே பொருந்தும். அங்கே புள்ளியை நிரப்பிய வட்டமாக வைக்காமல், வளைத்த குழலைப் போல் ஒரு சிறு வளையமாக வரைந்தால் இயல்பாக இருக்கும். 8க்கு 8 கட்டத்தில் 'ஞ', 'ணை' போன்றவற்றை வாசிக்கும்படி அடக்குவது ஏறக்குறைய முடியாத காரியம். உயரத்தையாவது 12 பிக்சலாக்கிக்கொள்வது நேர்மையான சமரசம்.

கடைசியாக ஒரு வரிசை ஒழுங்கு. புள்ளிகளும் கிடைக்கோடுகளும் உள்ள படத்தைச் சேமித்த பிறகு சிறிதாக்கினால், அவை புதிய பிக்சல் வரிசையோடு மோதி, எங்கிருந்தோ முளைத்த அலைகள்போல் மொயரே கோலங்கள் தோன்றும். ஜேபெக் கோப்பாக அதிகம் சுருக்கினால் நாய்ஸ் கரைந்து சதுரத் திட்டுகள் வரும். எனவே எழுத்து, நிறம், நிழல் வரை பெரிய அளவில் செய்து, மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு, ஒரு பிரதியை இறுதி அளவுக்குக் குறைத்த பின்னரே புள்ளிகளையும் கோடுகளையும் அதன்மேல் போட்டு, பிஎன்ஜி கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும்.